உருகும் கல், இறுகும் எலும்பு

அரசுத் திட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் வைப்பது நம் வழக்கம். ஆற்றின் பெயர், அணையின் பெயர் வைப்பதும் உண்டு. நோயின் பெயரைத் தாங்கி வந்த குடிநீர்த் திட்டம் அபூர்வம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் அப்படிப்பட்டது. ஆவணங்களில் அதன் பெயர் ‘ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம்’. ஊரில் யார் இத்தனை நீளம் சொல்வார்கள்? ‘இன்னைக்கு ஒகேனக்கல் தண்ணி விட்டாங்களா?’ என்பதோடு சரி. பெயரின் பின்பாதி கோப்புகளிலேயே தங்கிவிட்டது. அந்தப் பின்பாதியில் இருக்கும் ஃபுளோரோசிஸ் எங்கே பிறந்தது, எந்தெந்தத் தொழிலாளர் கைமாறி இந்தக் கர்நாடக எல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம்.

இரண்டு துண்டுகளை ஒட்டிய சொல் அது. ‘ஃபுளோர்’ லத்தீன், ‘ஓசிஸ்’ கிரேக்கம். இப்படி இரு மொழி ஒட்டிய சொற்களைக் கண்டால் ஆங்கிலப் பண்டிதர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். ‘டெலிவிஷன்’ வந்தபோதும் தலை கிரேக்கம், உடல் லத்தீன் என்று குறை சொன்னார்கள். டீக்கடை, ரயிலடி என்று பேசிப் பழகிய நமக்கு அதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர்க்காரர்களுக்குச் சுத்தமாகவே இல்லை. சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் பேரம் பேசி, கன்னடத்தில் முடிக்கிற ஊர் அது. ஊரின் பெயரே கன்னடக் கூட்டுச்சொல்தான்: ஹொஸ, ஊரு. நம் கணக்கில் புதூர். பழங்கன்னடத்துப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாக மாறியது. பால் ஹாலு ஆனது, புலி ஹுலி ஆனது. பொஸ என்பது ஹொஸ ஆனது. அதே கணக்கில் நம் புகை அவர்களுக்கு ஹொகெ. ஹொகெயும் கல்லும் சேர்ந்து ஒகேனக்கல். அருவியின் நீர்த்திவலை புகைபோல் எழும் பாறை என்று பொருள். திட்டத்தின் பெயரில் இருக்கும் இரண்டு முக்கியச் சொற்களுமே கூட்டுச்சொற்கள், இரண்டுக்குள்ளும் கல் இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒகேனக்கல்லில் கல் வெளிப்படையாகத் தெரிகிறது. ஃபுளோரோசிஸில் ஒளிந்திருக்கிறது.

லத்தீனில் ‘ஃப்ளுவெரே’ என்றால் பாய்தல், ஒழுகுதல். ‘ஃப்ளுவோர்’ என்றால் ஒழுக்கு. ஐரோப்பிய வைத்தியர்கள் உடலிலிருந்து ஒழுகுவதையெல்லாம் இந்தச் சொல்லால் குறித்தார்கள். வெள்ளைபடுதலுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரிலும் இதுதான் இருந்தது. இதை ஒரு கல்லுக்குக் கொண்டுபோய் ஒட்டியவரும் வைத்தியர்தான். கேயார்க் பாவர் என்ற ஜெர்மானியர், யோவாக்கிம்ஸ்தால் என்ற சுரங்க ஊரில் மருத்துவம் பார்த்தவர். பாவர் என்றால் ஜெர்மன் மொழியில் குடியானவர். அதை லத்தீனாக்கி ‘அக்ரிகோலா’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். தன் பெயரையே மொழிபெயர்த்தவர் சுரங்கக்காரர்களின் சொற்களை விடுவாரா? தாதுவோடு ஒருவகைக் கல்லைச் சேர்த்து உலையில் போட்டால் எல்லாம் சீக்கிரம் உருகி ஓடுகிறது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஓடவைக்கும் கல் என்ற பொருளில் அதற்குத் தங்கள் பேச்சில் பெயரும் வைத்திருந்தார்கள். 1530-இல் வெளிவந்த ‘பெர்மானுஸ்’ என்ற உரையாடல் நூலில் அக்ரிகோலா அதை லத்தீனில் ‘ஃப்ளுவோரெஸ்’ என்று எழுதினார். ஆக, இந்த அறிவியல் சொல்லின் வேர் பண்டிதர் மேசையில் இல்லை. உலையடியில் நின்ற கூலிக்காரர் வாயில் இருந்தது.

உலோகத்தை உருக்கும்போது சேர்க்கும் அந்தப் பொருளுக்கு நம் பள்ளிப் பாடநூல் ‘இளக்கி’ என்று அழகான பெயர் வைத்திருக்கிறது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் அந்தப் பெயர் நுழையவில்லை. அங்கே அது ‘ஃப்ளக்ஸ்’. இதுவும் அதே ‘ஃப்ளுவெரே’ பெற்ற பிள்ளை. வெல்டர்கள் 7018 ராடு என்று கேட்டு வாங்குகிறார்களே, அதன் மேல்பூச்சில் கால்சியம் கார்பனேட்டோடு ஃபுளோர்ஸ்பாரும் இருக்கிறது. ஃபுளோர்ஸ்பார் என்பது அக்ரிகோலா சொன்ன அதே கல், வேதியியலில் கால்சியம் ஃபுளோரைடு. ராடு எரியும்போது அது உருகி, உருகிய இரும்பின்மேல் போர்வையாகப் படர்ந்து, ஆறியபின் கசடாகத் தட்டி எடுக்கப்படுகிறது. ஏறக்குறைய 500 ஆண்டுகளாக இந்தக் கல்லுக்கு வேலை மாறவில்லை.

வேதியியல்காரர்கள் கைக்கு அது போனது 18-ஆம் நூற்றாண்டில். 1771-இல் ஸ்வீடனின் ஷீலே இந்தக் கல்லை அமிலத்தோடு சூடாக்கி, கண்ணாடியையே தின்னும் ஓர் அமிலத்தை எடுத்தார். அதற்குள் யாருக்கும் பிடிபடாத ஒரு தனிமம் இருக்கிறது என்று ஊகித்தவர் பிரான்சின் ஆம்பேர். மின்னோட்டத்தை எவர் பெயர் கொண்ட அலகில் அளக்கிறோமோ அவரேதான். குளோரின் என்ற பெயரின் சாயலில் இதற்கு ஃபுளோரின் என்று வைக்கலாமென்று வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவிக்குக் கடிதம் எழுதினார். பிறகு அவருக்கே மனம் மாறியது. அழிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வேறொரு பெயரை முன்வைத்தார். ஆங்கிலமும் பிரெஞ்சும் பழையதையே பிடித்துக்கொண்டன. ரஷ்யர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு இன்றும் ‘ஃப்தோர்’ என்கிறார்கள். கிரேக்கத்திலும் அதே கதைதான்.

என்னைக் கேட்டால் ரஷ்யர்கள் வைத்ததுதான் பொருத்தமான பெயர். அந்தத் தனிமத்தைப் பிரித்தெடுக்க முயன்று பெல்ஜியத்தின் லூயே உயிரைவிட்டார். அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். 1886 ஜூனில் ஆன்ரி முவாசான் வென்றார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இறந்துபோனார். இத்தனை பேரைப் பதம்பார்த்த ஒன்றுக்கு ‘ஓடுவது’ என்ற சாதுவான பெயர் நிலைத்துவிட்டது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் நகர மனமில்லை. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கித் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருவதை ஆராய்ந்தார். ஃபுளோர்ஸ்பார் கல்லில் அந்த ஒளிர்வு தெரிந்ததால் ‘ஃபுளோரசென்ஸ்’ என்று பெயரிட்டார். நம் ட்யூப் லைட்டின் ஆங்கிலப் பெயரில் வருவது அதுதான். அங்கே எதுவும் ஓடவும் இல்லை, உருகவும் இல்லை. சொல் தன் வேர்ப்பொருளை உதறிவிட்டுக் கல்லின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று ஃப்ளூ காய்ச்சல். விண்மீன்களிலிருந்து மனிதர்மேல் ஏதோ பாய்ந்து நோய் தருவதாக இத்தாலியர்கள் நம்பிய காலத்தில் வைத்த ‘இன்ஃப்ளுவென்சா’வின் குறுக்கம் அது. ஆக, ஊரார் சொல்லும் ‘ப்ளூ காய்ச்ச’லும் ‘ப்ளோரைடு தண்ணி’யும் பங்காளிகள்.

பின்பாதியான ‘ஓசிஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிலைக்கு ஆளாவதைக் குறிக்கும் கிரேக்க விகுதி. ஆர்த்ரைட்டிஸ், டான்சிலைட்டிஸ் என்று ‘ஐட்டிஸ்’ வந்தால் அழற்சி. டியூபர்குலோசிஸ், சிர்ரோசிஸ் என்று ‘ஓசிஸ்’ வந்தால் உடல் மெல்ல மெல்ல ஒரு நிலைக்குள் போய் அமர்ந்துகொண்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். தொழில் நோய்களில் இதற்குப் புகழ்பெற்ற உடன்பிறப்பு சிலிக்கோசிஸ். லத்தீனில் ‘சிலெக்ஸ்’ என்றால் சிக்கிமுக்கிக்கல், அதோடு ‘ஓசிஸ்’. அதுவும் லத்தீன்-கிரேக்கக் கலப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயலில், நம் வட ஆற்காட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கங்களில், நுரையீரலில் படிந்த கல்தூள் அது. இந்தப் பக்கம் கிரானைட் வெட்டும் இடங்களிலும் மெருகேற்றும் பட்டறைகளிலும் அதே தூள்தான் பறக்கிறது. 1935-இல் அமெரிக்கப் புதிர் விளையாட்டுக்காரர் ஒருவர் இந்தக் கல்தூள் நோய்க்கே வேண்டுமென்று 45 எழுத்துகளில் ‘நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோப்பிக்சிலிக்கோவோல்கனோகோனியோசிஸ்’ என்றொரு சொல்லைக் கட்டினார். ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் என்று அகராதிகளும் அதைச் சேர்த்துக்கொண்டன. வினாடி வினாவுக்கு நல்லது. இருமுகிறவருக்கு ஒரு பயனும் இல்லை.

நம் சொல்லுக்கு வருவோம். ஃபுளோரைடு மனித உடலில் என்ன செய்கிறது என்ற கேள்வி முதலில் பல்லில்தான் எழுந்தது. 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பல் மருத்துவராகப் போன ஃபிரடெரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார். 1931-இல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் அந்த ‘ஏதோ’ ஃபுளோரைடு என்று கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே கோபன்ஹேகனில், கிரையோலைட் என்ற ஃபுளோரின் கனிமத்தை அரைக்கும் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் எலும்புகள் இயல்புக்கு மீறி இறுகியிருப்பதை மருத்துவர்கள் பார்த்தார்கள். பல் ஊர்மக்களுடையது, எலும்பு தொழிலாளர்களுடையது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே தண்ணீரால், பெருந்திரளான மக்களிடம் சேர்ந்தே இருக்கும் என்று காட்டியது நம் சென்னை மாகாணம்.

நெல்லூர் மாவட்டத்தின் மேற்கு வறண்ட பகுதிகளில் (பிற்பாடு பிரகாசம் மாவட்டத்தில் சேர்ந்த கனிகிரி, பொதிலி, தர்சி வட்டாரங்கள்) உழவு மாடுகள் கால் மடக்க முடியாமல் விறைத்துப்போவதைக் குடியானவர்கள்தான் முதலில் கவனித்தார்கள் என்று சொல்வதுண்டு. பிறகு ஓட்டியவர்களுக்கும் அதே கதி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் அங்கே ஆராய்ந்து 1937-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருந்தது. இந்தியாவில் இந்த நோயின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ஷார்ட் பிற்பாடு லண்டனுக்குப் போய், மலேரியாக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்துப் பெரும்பெயர் பெற்றார். பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். தண்ணீரைச் சோதித்த ராகவாச்சாரியைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. இந்த நோயைப் பொறுத்தவரை பாதி வேலை தண்ணீரைச் சோதிப்பதுதான்.

நெல்லூரில் இருந்த அதே வகைப் பாறை கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பார்த்தால் தெரியும். குன்றுகளெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு வயதான கிரானைட்டும் நைஸ் பாறையும். அவற்றுக்குள் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் என்று ஃபுளோரின் ஏந்திய கனிமங்கள். இவற்றில் அபடைட்டின் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேறு கனிமங்களைப்போலத் தோன்றிப் பார்ப்பவரை ஏய்த்துவந்ததால், ‘ஏமாற்று’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வெர்னர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் அது. நம் பல்லும் எலும்பும் இந்த அபடைட் குடும்பத்துப் பொருளால்தான் ஆனவை. பாறையில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் ஒரே கட்டுமானம். எலும்பின் அபடைட்டில் ஹைட்ராக்சில் அமர்ந்திருக்கும் இடத்தில், அதே மின்னூட்டமும் ஏறக்குறைய அதே அளவும் கொண்ட ஃபுளோரைடு வந்து உட்கார்ந்துகொள்ளும். மூலக்கூறு அளவில் பார்த்தால் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையின் வழிக்குப் போகிறது.

ஏமாற்று அதோடு நிற்கவில்லை. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிக்கிற தண்ணீரில் ருசியும் தெரியாது. நாக்கு சொல்வதை நம்பி ‘உப்புத் தண்ணி’, ‘நல்ல தண்ணி’ என்று பிரிப்பது நம் வழக்கம். கால்சியம் மிகுந்த கடினநீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் அதிகம் தங்காது. கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்து, சோப்பு நன்றாக நுரைக்கிற மென்னீரில்தான் அது சுகமாகக் கரைந்திருக்கும். பருப்பு வேகிறது, சோப்பு நுரைக்கிறது, நல்ல தண்ணி என்று வீட்டார் தேர்ந்தெடுத்த போர் தண்ணீர் மோசமானதாக இருக்கலாம். காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் செறிவு கூடும். ஏரியும் கிணறும் வற்றி, 500 அடி, 800 அடி என்று போர் போட்டுப் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் ஊறிய தண்ணீரைத்தான் மேலே இழுக்கிறோம்.

அளவு எவ்வளவு? இந்தியத் தரக் குறியீடு லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறையத் தண்ணீரில் ஒன்றரை கிராம், அவ்வளவுதான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும், பிறகு குறுக்குக் கோடுகளாக மஞ்சளும் பழுப்பும் வரும். இது எனாமலுக்குள்ளேயே உருவானது. எந்தப் பல்பொடியாலும் போகாது. 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பல்லாண்டு குடித்தால் எலும்பைத் தொடும். 10-ஐத் தாண்டிய தண்ணீர் முடமாக்கும். முதுகெலும்பின் தசைநார்களில் சுண்ணம் ஏறி, குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்ப வேண்டும். ஓடவைக்கும் கல் என்று சுரங்கக்காரர்கள் வைத்த பெயர், மனிதரை அசையவிடாமல் நிறுத்தும் நோய்க்கு வந்து சேர்ந்ததைவிடக் கோணலான சொல்வரலாறு எனக்குத் தெரியாது.

சொல் வருவதற்கு முன்பும் நோய் இருந்தது. வாதம் என்றார்கள், மூட்டுவலி என்றார்கள், வயசாச்சு என்றார்கள். பல்லுக்கு வெற்றிலைமேல் பழி போட்டார்கள். வெற்றிலை போடாத பிள்ளைக்கு ‘சரியா பல்லு விளக்கறதில்ல’ என்று திட்டு. இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் குற்றம் உடம்புக்காரர் மேல் இருக்கிறது, அல்லது விதிமேல். ஃபுளோரோசிஸ் என்ற வாயில் நுழையாத சொல்லுக்கு நான் ஆதரவாக இருப்பது இதனால்தான். அது குற்றவாளியின் பெயரைத் தன் முன்பாதியிலேயே வைத்திருக்கிறது. தூய தமிழில் இதற்கு ஒரு பெயர் கட்டுவது கடினமில்லை. ஆனால் அதைக் கேட்டுத் தண்ணீரைச் சந்தேகிக்க ஊராருக்குத் தோன்றாவிட்டால் என்ன லாபம்? ‘ப்ளோரைடு தண்ணி’ என்று மக்கள் தாங்களே ஆக்கிக்கொண்டது போதும். இலக்கணமும் சரி, காரணமும் சரி.

சொல் திட்டத்தின் பெயருக்குள் ஏறியது ஜப்பான் கடனுதவி வந்த காலத்தில். காவிரியில் மேற்பரப்பு நீர் எடுத்தால் ஃபுளோரைடு தொல்லை இல்லை என்பது கணக்கு. 1998-லேயே மத்திய அரசு தடையில்லாச் சான்று கொடுத்திருந்தது. 2008 பிப்ரவரி 26 அன்று முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே கர்நாடகத்தில் போராட்டம். பதிலுக்கு ஏப்ரலில் சேப்பாக்கத்தில் தமிழ்த் திரையுலகத்தின் உண்ணாவிரதம். கர்நாடகத்தில் தேர்தல் முடிந்து புதிய அரசு அமையும்வரை திட்டம் நிறுத்திவைப்பு. அந்தச் சில வாரங்களின் பேச்சை நினைத்துப் பாருங்கள். காவிரி இருந்தது, எல்லை இருந்தது, தன்மானம் இருந்தது, ஒகேனக்கல் யாருடையது என்ற கேள்வி இருந்தது. பெயரின் பின்பாதியில் இருந்த நோயாளியை மேடைகளில் காணவில்லை. இத்தனைக்கும் கோலார் மாவட்டத்துக் கன்னடக் குடியானவர்களும் அதே பாறைமேல் உட்கார்ந்து அதே போர் தண்ணீரைத்தான் குடித்தார்கள். பாறைக்கு மாநில எல்லை கிடையாது. அந்த ஒரு சொல்லை இரு பக்கத்து மேடைகளிலும் யாராவது உரக்கச் சொல்லியிருந்தால் சண்டையின் சூடு கொஞ்சம் தணிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

திட்டம் நிற்கவில்லை. 1,928 கோடி ரூபாய் மதிப்பில் வளர்ந்த அதை 2013 மே 29 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். காவிரிக் கரையிலிருந்து மலையேற்றி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர் வரை தண்ணீர் வருகிறது. ஆனால் குழாய் வந்த தெருவிலும் போர் மூடப்படவில்லை. நகரம் பெருக்கிற வேகத்தில், ஓசூரைச் சுற்றிப் புதிது புதிதாக முளைக்கும் மனைப்பிரிவுகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும் போரும் லாரித் தண்ணீரும்தான் முதலில் வருகின்றன. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த இளம் தம்பதிகளின் குழந்தைகளுக்கு அங்கேதான் பல் முளைக்கிறது.

ஃபுளோரோசிஸுக்கு மருந்து கிடையாது. வந்த கறை போகாது, இறுகிய எலும்பு நெகிழாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. இந்த இரு மாவட்டங்களில் போர் தண்ணீர் குடிக்கிறவராக நீங்கள் இருந்தால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவுத்தாளில் ஃபுளோரைடு என்ற வரியில் 1.5-க்கு மேல் எண் இருந்தால், அந்தத் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடியுங்கள். வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.